கடிதத்தின் கடைசி வரி: "லுக் ஃபோர்வர்ட் டு" பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலைக்கு விண்ணப்பிப்பவர்கள், கந்தோரில் கடிதம் எழுதுபவர்கள், சாதாரணதரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் பிள்ளைகள், அவர்களுக்குப் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்கும் அம்மா அப்பாமார் என்று பலரும் ஒரே இடத்தில்தான் தடக்குப்படுகிறார்கள். "உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்" என்று தமிழில் சுலபமாக முடிக்கும் அந்தக் கடைசி வரியை ஆங்கிலத்தில் எழுதப்போனால், "ஐ லுக் ஃபோர்வர்ட் டு" வரைக்கும் கை ஓடும். அதற்குப் பிறகு ஹியரா, ஹியரிங்கா என்று பேனை நின்றுவிடும்.

கொழும்பில் ஆங்கிலக் கடிதம் எழுதாமல் காலம் தள்ளுவது கஷ்டம். 1987இல் வந்த 13ஆவது திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்று அரசியலமைப்பில் எழுதிவைத்தது. கோட்டையிலும் கொள்ளுப்பிட்டியிலும் இருக்கிற வங்கி, கப்பல், காப்புறுதிக் கம்பனிகளோ அந்தத் திருத்தத்துக்கு வெகுகாலம் முன்பே ஆங்கிலத்தில்தான் கடிதம் போட்டுக்கொண்டிருந்தன. ஆகவே இந்த ஒரு வரியைச் சரியாக எழுதப் பழகுவது வீண் வேலை இல்லை.

ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டு வாசித்தால் விளங்கும்.

"டு"க்குப் பிறகு "ஹியர்" வருமா, "ஹியரிங்" வருமா?

"ஹியரிங்". முழு வரி: "ஐ லுக் ஃபோர்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ." பிரித்தானிய ஆங்கிலம், அமெரிக்க ஆங்கிலம் என்ற பேதம் இதில் இல்லை. "டு மீட் யூ" இல்லை, "டு மீட்டிங் யூ". "டு வேர்க் வித் யூ" இல்லை, "டு வேர்க்கிங் வித் யூ".

"டு"க்குப் பிறகு வினையின் மூல வடிவம்தான் வரும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்களே?

சொல்லித் தந்தது பிழை இல்லை, பாதி. ஆங்கிலத்தில் இரண்டு "டு" இருக்கின்றன. எழுத்தும் ஒன்று, ஒலியும் ஒன்று, வேலை வேறு.

முதலாவது "டு" வினையோடு ஒட்டிக்கொண்டு வருவது. "ஐ வொன்ட் டு கோ" என்றால் "நான் போக விரும்புகிறேன்". இங்கே "டு கோ" என்ற இரண்டு சொல்லும் சேர்ந்து தமிழின் "போக" என்ற ஒரு சொல்லுக்கு ஈடு. போக, வர, செய்ய, சந்திக்க என்று நாம் சொல்லும் வினையெச்சங்கள் எல்லாம் இந்த வகை. பள்ளிக்கூடத்து விதி இந்த "டு"வுக்கு உரியது.

இரண்டாவது "டு" பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்கும் இடைச்சொல். "ஐ வென்ட் டு வெள்ளவத்தை" என்றால் "வெள்ளவத்தைக்குப் போனேன்". தமிழில் "கு" உருபு செய்கிற வேலையை இது செய்கிறது. "லுக் ஃபோர்வர்ட் டு"வில் இருப்பது இந்த இரண்டாவது "டு". அதனால்தான் அதற்குப் பிறகு வருவது பெயராக இருக்கவேண்டும். ஒரு வினையை அங்கே கொண்டுவரத்தான் வேண்டும் என்றால் அதைப் பெயராக மாற்றிக்கொண்டு வரவேண்டும். ஆங்கிலத்தில் அப்படி மாற்றுவதற்கு உள்ள வழி கடைசியில் "இங்" சேர்ப்பது.

இது ஏதோ வெள்ளைக்காரனின் வினோதம் என்று நினைக்கவேண்டாம். தமிழிலும் இதே சட்டம்தான், அதுவும் இன்னும் கண்டிப்பாக. "போக" என்பதோடு "கு" உருபைச் சேர்த்துப் பாருங்கள், சேராது. "போவதற்கு", "போவதை", "போவதில்" என்றுதான் சொல்கிறோம். வேற்றுமை உருபு வேண்டுமென்றால் வினை முதலில் தொழிற்பெயர் ஆகவேண்டும். மூன்று வயதுப் பிள்ளைகூட "விளையாடுறதுக்கு" என்று சரியாகச் சொல்லும், ஒருவரும் சொல்லிக்கொடுக்காமலேயே. "மீட்டிங்" என்பது "சந்திப்பது". "டு மீட்டிங்" என்பது "சந்திப்பதற்கு". அவ்வளவுதான் விஷயம்.

எழுதும்போது இலக்கணம் எல்லாம் ஞாபகம் வராது. விரைவாகச் சோதிக்க வழி உண்டா?

"டு"க்குப் பிறகு "இட்" என்ற சொல்லைப் போட்டுப் பாருங்கள். "ஐ லுக் ஃபோர்வர்ட் டு இட்." காதுக்குச் சரியாக இருக்கிறது. அப்படியானால் அது இரண்டாவது "டு", "இங்" போடலாம். "ஐ வொன்ட் டு இட்", "ஐ ஹோப் டு இட்" என்று சொல்லிப் பாருங்கள். நொண்டுகிறது. அங்கே "இங்" வேண்டாம்.

சோதனை எல்லா வினைக்கும் பொருந்தாது. "அக்ரீ" அதை ஏமாற்றும்: "ஐ அக்ரீ டு இட்" என்பதும் சரி, "ஐ அக்ரீ டு பே" என்பதும் சரி. "என்டைட்டில்ட் டு"வும் அப்படித்தான். லீவுக்கும் உரித்துண்டு, லீவு எடுக்கவும் உரித்துண்டு என்கிற மாதிரி இரண்டு அமைப்பையும் அது ஏற்றுக்கொள்ளும். "லுக் ஃபோர்வர்ட் டு"வுக்கு மட்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம்.

இவ்வளவு பேர் பிழை விடுவது ஏன்?

கடிதத்தின் கடைசியில் வரக்கூடிய மற்றப் பல சொற்றொடர்கள் முதலாவது "டு"வோடு வருவதுதான் காரணம். "ஐ ஹோப் டு ஹியர் ஃப்ரம் யூ", "ஐ வுட் லைக் டு மீட் யூ", "ஐ வோஸ் கிளாட் டு ஹியர்" என்று நூறு தரம் எழுதிய கை, நூற்றோராவது தரமும் அதே தடத்தில் போகிறது.

தமிழிலிருந்து வருகிற குழப்பமும் ஒன்று இருக்கிறது. ஒரே ஆசையை நாம் மூன்று விதமாகச் சொல்வோம். "உங்களைச் சந்திப்பதை எதிர்பார்க்கிறேன்." "உங்களைச் சந்திக்க ஆவலாய் இருக்கிறேன்." "உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்." ஆங்கிலத்தில் இந்த மூன்றுக்கும் மூன்று தனித்தனி அமைப்பு: முதலாவதுக்கு "லுக் ஃபோர்வர்ட் டு மீட்டிங்", இரண்டாவதுக்கு "ஈகர் டு மீட்", மூன்றாவதுக்கு "வெயிட் ஃபோர்". மனதில் இரண்டாவதை நினைத்துக்கொண்டு கையால் முதலாவதை எழுதினால் "லுக் ஃபோர்வர்ட் டு மீட்" பிறக்கும். மூன்றாவதை நினைத்தால் "லுக் ஃபோர்வர்ட் ஃபோர்" பிறக்கும்.

"லுக் ஃபோர்வர்ட் ஃபோர் யுவர் ரிப்ளை" என்று எழுதுகிறார்களே, அது?

பிழை. "லுக் ஃபோர்" என்று தனியாக ஒன்று உண்டு, அது "தேடு" என்ற பொருளில். இரண்டையும் ஒட்டவைக்க முடியாது. "லுக் ஃபோர்வர்ட் தட் யூ வில் ரிப்ளை" என்பதும் சரிவராது. "தட்" போட ஆசையாக இருந்தால் "ஐ ஹோப் தட்" என்று தொடங்குங்கள்.

"யுவர் ரிப்ளை" என்பதை "யுவர் ரிப்ளையிங்" என்று மாற்றவேண்டுமா?

வேண்டாம். "ரிப்ளை" வினையாகவும் பெயராகவும் பாவனையில் உள்ள சொல். "யுவர் ரிப்ளை" என்னும்போது அது பெயர், "உங்கள் பதில்". ஏற்கெனவே பெயராக இருப்பதற்கு "இங்" தேவையில்லை. "ஐ லுக் ஃபோர்வர்ட் டு யுவர் விசிட்", "டு அவர் மீட்டிங் ஒன் மன்டே", "டு த வேல் ஃபெஸ்டிவல்" எல்லாம் அப்படியே சரி. ஆடிவேல் ஊர்வலத்துக்கு "இங்" போட நினைப்பவர் யாரும் இருக்கமாட்டார்.

இரட்டை வேலை பார்க்கும் இந்தச் சொற்களில்தான் பொறி இருக்கிறது. "ஐ லுக் ஃபோர்வர்ட் டு வேர்க்" என்று எழுதினால் இலக்கணப்படி பிழை இல்லை, ஆனால் பொருள் "வேலை என்ற ஒன்றை ஆவலோடு எதிர்பார்க்கிறேன்" என்று போய்விடும். திங்கட்கிழமை காலையில் அப்படிச் சொல்லக்கூடியவர்கள் குறைவு. நீங்கள் சொல்லவந்தது "உங்களோடு வேலை செய்வதை" என்றால் "டு வேர்க்கிங் வித் யூ". கணினியும் போனும் சிவப்பு, நீலக் கோடு போட்டு "டு ஹியர்" என்பதைச் சில வேளை பிடித்துத் தரும். "டு வேர்க்", "டு விசிட்", "டு டிஸ்கஸ்" என்று வரும் எல்லா இடத்தையும் பிடிக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். "வேர்க்" பெயராகவும் வரும் என்பதால் அதற்கும் சந்தேகம் வந்துவிடுகிறது.

"மீட்டிங்" என்ற சொல்லிலும் ஒரு சின்னக் கவனம். "ஐ லுக் ஃபோர்வர்ட் டு மீட்டிங் யூ" என்றால் உங்களைச் சந்திப்பதை. "ஐ லுக் ஃபோர்வர்ட் டு த மீட்டிங்" என்றால் கூட்டத்தை. கூட்டத்தை ஆவலோடு எதிர்பார்ப்பதாக முகாமையாளருக்கு எழுதினால் அவருக்கே சிரிப்பு வரக்கூடும், இலக்கணத்தில் மட்டும் குறை சொல்ல முடியாது.

"ஐ லுக் ஃபோர்வர்ட்" நல்லதா, "ஐம் லுக்கிங் ஃபோர்வர்ட்" நல்லதா?

இரண்டும் சரி. தொனிதான் வேறு. "ஐ லுக் ஃபோர்வர்ட்" கொஞ்சம் விறைப்பு, கோட் போட்ட தோரணை. வேலை விண்ணப்பம், வங்கிக்குக் கடிதம், தூதரகத்துக்கு மின்னஞ்சல், முன்பின் தெரியாத ஒருவருக்கு எழுதுவது எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். "ஐம் லுக்கிங் ஃபோர்வர்ட்" நெருக்கமானது. கூட வேலை செய்பவருக்கு, கனடாவில் இருக்கிற மச்சாளுக்கு, பழைய ஆசிரியைக்கு இப்படி எழுதலாம். மச்சாளுக்கு "ஐ லுக் ஃபோர்வர்ட் டு சீயிங் யூ" என்று எழுதினால் ஏதோ கோபமோ என்று நினைப்பா.

எழுவாயே இல்லாமல் "லுக்கிங் ஃபோர்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ" என்று மட்டும் எழுதலாமா?

மின்னஞ்சலில் எழுதலாம், இப்போது எல்லோரும் எழுதுகிறார்கள். கடைசியில் முற்றுப்புள்ளி வையுங்கள்.

இந்த வழக்கம் வந்த பாதை சுவாரசியமானது. பழைய வர்த்தகக் கடிதங்களில் முழு வாக்கியம் இப்படி இருக்கும்: "லுக்கிங் ஃபோர்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ, ஐ ரிமெய்ன், யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி". அதாவது "தங்கள் பதிலை எதிர்பார்த்தவண்ணம், என்றும் தங்கள் உண்மையுள்ள" என்கிற மாதிரி. கையொப்பம் வரைக்கும் ஒரே வாக்கியம். காலப்போக்கில் நடுவிலிருந்த "ஐ ரிமெய்ன்" உதிர்ந்துபோய், முன்பாதி மட்டும் அந்தரத்தில் தொங்குகிறது. நம் ஊர்க் கடிதங்களில் "தேங்கிங் யூ," என்று தனி வரியில் காற்புள்ளியோடு நிற்பதும் இதே குடும்பம்தான். வால் போய்விட்டது, காற்புள்ளி மட்டும் மிஞ்சியிருக்கிறது.

வேலை விண்ணப்பம் போன்ற இடத்தில் நான் முழு வாக்கியத்தையே விரும்புவேன். "ஐ" என்ற ஒரு எழுத்தை மிச்சம் பிடித்து என்ன காணப்போகிறோம்?

கேட்காத கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்: "டியர் சேர்" என்று தொடங்கினால் முடிவில் "யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி", பெயர் சொல்லித் தொடங்கினால் "யுவர்ஸ் சின்சியர்லி". பிரித்தானிய வழக்கம் அது. நம் கந்தோர்களில் பெரும்பாலும் இதைத்தான் பின்பற்றுகிறார்கள்.

"ஃப்ரம்" கட்டாயமா? "ஹியரிங் யூ" போதாதா?

கட்டாயம். "ஹியரிங் யூ" என்றால் உங்கள் குரலைக் கேட்பது. மியூசிக் அக்கடமியில் பாடப்போகிறவருக்கு எழுதினால் பொருந்தும். "ஹியரிங் ஃப்ரம் யூ" என்றால் உங்களிடமிருந்து தகவல் வருவது. "ஹியரிங் அபௌட் யூ" என்றால் உங்களைப் பற்றி வேறு ஆட்கள் சொல்லக் கேட்பது, அதைக் கடிதத்தில் எழுதினால் மிரட்டல் மாதிரி இருக்கும்.

"ஐ எக்ஸ்பெக்ட் யுவர் ரிப்ளை" என்று சுருக்கமாக எழுதினால் என்ன?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நின்று பதில் சொல்லவேண்டும். இங்கே இலக்கணம் சரி, மரியாதைதான் பிழைக்கிறது.

"எதிர்பார்க்கிறேன்" என்ற தமிழ்ச் சொல்லைப் பள்ளிக்கூட அகராதியில் தேடினால் முதலில் வருவது "எக்ஸ்பெக்ட்". ஆனால் "ஐ எக்ஸ்பெக்ட் யுவர் ரிப்ளை" என்று ஆங்கிலத்தில் எழுதினால், "நீர் பதில் தந்தே ஆகவேண்டும்" என்ற அதட்டல் அதற்குள் வந்துவிடுகிறது. வாடகை தராத குடியிருப்பாளருக்கு வீட்டுச் சொந்தக்காரர் எழுதலாம். நாளைக்கு முடிக்கவேண்டிய அறிக்கையைக் கேட்டு மேலதிகாரி எழுதலாம். வேலை கேட்டுப் போகிறவர் எழுதக்கூடாது. எழுதியவர் பணிவாகத்தான் நினைத்திருப்பார், வாசிப்பவருக்கு அது கட்டளையாகக் கேட்கும். தமிழ் "எதிர்பார்"க்குள் ஆவலும் உண்டு, உரிமையும் உண்டு. ஆங்கிலம் அந்த இரண்டையும் இரண்டு வினையாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஆவலுக்கு "லுக் ஃபோர்வர்ட் டு". உரிமைக்கும் கணக்குக்கும் "எக்ஸ்பெக்ட்".

இந்தப் பிரிவினால் இன்னொன்றும் விளையும். விருப்பமில்லாத விஷயத்துக்கு "லுக் ஃபோர்வர்ட் டு" போட முடியாது. "வாற கிழமை விலை கூடும் என்று எதிர்பார்க்கிறோம்" என்பதை "வீ லுக் ஃபோர்வர்ட் டு அ பிரைஸ் இன்கிறீஸ்" என்று எழுதினால், விலையேற்றத்துக்கு நீங்கள் ஆலாத்தி எடுக்கக் காத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். அங்கே "எக்ஸ்பெக்ட்" போடவேண்டும். பிடிக்காததைச் சொல்ல எதிர்மறையும் உண்டு: "ஐம் நொட் லுக்கிங் ஃபோர்வர்ட் டு த எக்ஸாம்." பரீட்சையை எதிர்பார்க்கவில்லை என்பதல்ல இதன் பொருள், அது வருகிறதே என்று வயிற்றைக் கலக்குகிறது என்பது.

எல்லாக் கடிதத்தையும் இந்த வரியால் முடிக்கலாமா?

இல்லை. அனுதாபக் கடிதத்தில் இதற்கு இடமே கிடையாது. இறுதிக்கிரியைக்கு வருவதாகச் சொல்லும்போதும் "லுக் ஃபோர்வர்ட் டு சீயிங் யூ" என்று பழக்கதோஷத்தில் கை போட்டுவிடும், கவனம். "ஐ வில் பி தெயர்" போதும்.

முறைப்பாட்டுக் கடிதத்தில் தாராளமாகப் போடலாம். வாங்கிய குளிர்சாதனப் பெட்டி மூன்று தரம் பழுதாகி, கடைக்கு எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். எல்லாக் குற்றச்சாட்டையும் சொல்லி முடித்த பிறகு "ஐ லுக் ஃபோர்வர்ட் டு யுவர் ப்ரொம்ப்ட் ரெஸ்பொன்ஸ்" என்று எழுதினால், மரியாதையும் குறையாது, அழுத்தமும் குறையாது. கத்துவதை விட இது வேலை செய்யும்.

வேலை விண்ணப்பத்தில் "ஃபேவரபிள் ரிப்ளை", "ஏர்லி அன்ட் ஃபேவரபிள் ரிப்ளை" என்று எழுதும் பழக்கம் நம்மிடம் நிறைய உண்டு. பிழை இல்லை, ஆனாலும் "சாதகமான பதிலைத் தாருங்கள்" என்று முன்கூட்டியே கையைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கும். "ஐ லுக் ஃபோர்வர்ட் டு த ஒப்பர்சூனிட்டி டு டிஸ்கஸ் திஸ் வித் யூ" என்று நேர்முகப் பரீட்சையைக் குறிப்பால் கேட்பது இதைவிட நாகரிகம். (இதில் "ஒப்பர்சூனிட்டி"க்குப் பிறகு வருவது முதலாவது "டு" என்பதைக் கவனித்தீர்களா? ஒரே வரியில் இரண்டும் இருக்கின்றன.)

வேறொருவர் செய்யப்போவதை நான் எதிர்பார்க்கிறேன் என்றால் எப்படி எழுதுவது?

செய்பவரை "டு"க்கும் "இங்"குக்கும் நடுவில் வையுங்கள். "வீ ஆர் லுக்கிங் ஃபோர்வர்ட் டு யூ ஜொயினிங் அஸ்." பழைய காலத்து ஆசிரியர்கள் "யுவர் ஜொயினிங் அஸ்" என்பார்கள், விறைப்பான கடிதத்தில் அதுவே பொருத்தம். நட்பாக எழுதும்போது "யூ" போதும்.

செயப்பாட்டு வினை வேண்டுமென்றால் "பீயிங்" வரும்: "ஐ லுக் ஃபோர்வர்ட் டு பீயிங் கோல்ட் ஃபோர் அன் இன்டர்வியூ." பிழை இல்லாத வரி. எனக்கு இது கொஞ்சம் அசட்டுத் துணிச்சலாகத் தோன்றும், கூப்பிடுவார்கள் என்று முடிவுகட்டியாயிற்று போல.

"வெரி மச்" எங்கே போடவேண்டும்?

"ஐ வெரி மச் லுக் ஃபோர்வர்ட் டு" அல்லது வாக்கியத்தின் கடைசியில். "ஐ லுக் வெரி மச் ஃபோர்வர்ட்" என்று நடுவில் செருகாதீர்கள். பேச்சு வழக்கில் "ஐம் ரியலி லுக்கிங் ஃபோர்வர்ட் டு இட்".

வாக்கியத்தின் கடைசியில் "டு" தனியாக நிற்கலாமா?

நிற்கலாம், நிற்கவேண்டும். "பொங்கலுக்கு ஊருக்குப் போவதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்பதைத் திருப்பிப்போட்டு, "கோயிங் ஹோம் ஃபோர் பொங்கல் இஸ் வட் ஐம் லுக்கிங் ஃபோர்வர்ட் டு" என்று எழுதினால் கடைசி "டு" விழக்கூடாது. நம் ஆட்கள் விடுவது பெரும்பாலும் இந்த "டு"வைத்தான். பின்னால் ஒன்றும் இல்லையே, இது எதற்கு என்று தோன்றும். அதற்குரிய பெயர் வாக்கியத்தின் முன்பக்கம் போய்விட்டது, "டு" மட்டும் தன் இடத்தில் நிற்கிறது. இடைச்சொல்லில் வாக்கியத்தை முடிக்கக்கூடாது என்ற பழைய உபதேசத்தைக் கேட்டு "டு விச் ஐ லுக் ஃபோர்வர்ட்" என்று எழுதுபவர்களும் உண்டு. அழைப்பிதழில் எழுதலாம், வட்ஸ்அப்பில் எழுதினால் கிண்டல் பண்ணுவார்கள்.

இதே மாதிரி "இங்" கேட்கும் வேறு "டு"க்கள் இருக்கின்றனவா?

இருக்கின்றன, அதில் ஒன்று பெரிய குழப்படிக்காரன்: "யூஸ்ட் டு".

"ஐ யூஸ்ட் டு டேக் த யாழ்தேவி" என்றால் முன்னொரு காலத்தில் யாழ்தேவியில் போய்வருவேன், இப்போது இல்லை. "ஐம் யூஸ்ட் டு டேக்கிங் த 100" என்றால் காலி வீதியில் ஓடும் 100 இலக்க பஸ்ஸில் போவது எனக்குப் பழகிவிட்டது. நடுவில் "ஐம்" வந்ததும் பொருள் தலைகீழாக மாறிவிடுகிறது. முதல் வாக்கியத்தில் "யூஸ்ட்" என்பதே வினை, இரண்டாவதில் அது "பழகிய" என்ற பெயரடை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொழும்பில் தங்கியவர் "ஐ யூஸ்ட் டு லிவ் இன் கொலம்போ" என்று எழுதினால், வாசிப்பவர் அவர் கொழும்பை விட்டுப் போய்விட்டார் என்று நினைப்பார். சொல்லவந்தது கொழும்பு வாழ்க்கை பழகிவிட்டது என்றால் "ஐம் யூஸ்ட் டு லிவிங்".

மற்றவை இவ்வளவு தொல்லை தருவதில்லை. "ஒப்ஜெக்ட் டு பேயிங்" (கட்டுவதை ஆட்சேபிக்கிறேன்), கம்பனிகளின் வரவேற்பறைச் சுவர்களில் காணும் "கமிட்டட் டு ப்ரொவைடிங்", திட்ட அறிக்கைகளில் வரும் "வித் அ வியூ டு இம்ப்ரூவிங்", அப்புறம் "இன் அடிஷன் டு", "வென் இட் கம்ஸ் டு". "இட்" சோதனையைப் போட்டுப் பாருங்கள், எல்லாம் தேறும்.

அகராதியில் எப்படிப் பார்ப்பது?

மாணவர்களுக்கான ஆங்கில அகராதி ஒன்றை எடுங்கள். ஹோர்ன்பியின் ஒக்ஸ்ஃபோர்ட் அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ் 1948 முதல் ஒக்ஸ்ஃபோர்டிலிருந்து வெளிவருகிறது, இணையத்திலும் இலவசமாகப் பார்க்கலாம். "லுக்" என்ற சொல்லின் அடியில், கூட்டுவினைகள் என்ற பகுதிக்குப் போங்கள். "லுக் ஃபோர்வர்ட் டு சம்திங்" என்று இருக்கும். "சம்திங்" என்பது பெயருக்கு உரிய இடம். "டு டூ சம்திங்" என்று இருந்தால் மூல வினை, "டு டூயிங் சம்திங்" என்று இருந்தால் "இங்". எல்லோரும் பொருளைப் பார்த்துவிட்டு அகராதியை மூடிவிடுகிறார்கள். எழுதுகிறவருக்கு வேண்டியது பொருளுக்குப் பக்கத்தில் இருக்கிற இந்தச் சின்ன எழுத்துத்தான்.

எழுத்துக்கூட்டலில் கவனிக்கவேண்டியது ஏதாவது?

நூலின் முன்னுரைக்கு வரும் "ஃபோர்வேர்ட்" வேறு சொல். ஒலி கிட்டத்தட்ட ஒன்று என்பதால் பிள்ளைகள் மாற்றி எழுதிவிடுவார்கள். கடைசியில் "எஸ்" சேர்த்து "ஃபோர்வர்ட்ஸ்" என்றும் எழுதவேண்டாம்.

நான் "டு ஹியரிங்" என்று சரியாக எழுதினேன். மேலதிகாரி அதை வெட்டி "டு ஹியர்" என்று திருத்திவிட்டார். என்ன செய்வது?

இது நிறையப் பேருக்கு நடக்கிறது. தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் என்ற வித்தியாசம் இல்லாமல் இந்த ஊரில் எல்லோருடைய கையும் "டு ஹியர்" பக்கம்தான் சாயும். அகராதியைத் திறந்து அவர் மேசையில் வைப்பது சரியான வழிதான், ஆனால் சம்பள உயர்வுக்குக் கையொப்பம் வைக்கப்போவதும் அவரே. ஆகவே "ஹியர்", "ஹியரிங்" இரண்டையும் எடுத்துவிட்டு "ஐ லுக் ஃபோர்வர்ட் டு யுவர் ரிப்ளை" என்று எழுதிக் கொடுங்கள். அதில் வெட்டுவதற்கு அவருக்கு ஒன்றும் கிடைக்காது, கடிதமும் பிழையில்லாமல் தபாலில் போகும்.